ரைன், மொசெல் கரையில் 4 நாள்: அக்டோபர் பயணத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

ஜெர்மனியில் நாலு நாள் லீவு கிடைத்தால், தினம் ஒரு ஊர், தினம் ஒரு ஹோட்டல் என்று பலர் ஓடுகிறார்கள். பெட்டியைத் தூக்குவதிலேயே பாதிப் பகல் போயிடும். இலையுதிர் காலத்தில் பகலே குறைவு!

எங்கே தங்கலாம்?
கோப்லென்ஸ். ரைனும் மொசெலும் கூடும் ஊர். இங்கே ஒரே ரூம் போட்டால், இரண்டு பள்ளத்தாக்குகளுக்கும் ரயிலில் போய்வந்துடலாம்.

எந்த நாளில் என்ன?
* முதல் நாள், கொலோன்: ரயில் நிலைய வாசலிலேயே 157 மீட்டர் உயர தேவாலயம். 1248-ல் தொடங்கிய வேலை 1880-ல்தான் முடிந்தது. மாலையில் கோப்லென்ஸ்.
* 2-ம் நாள், ரைன்: பிங்கன் வரையிலான 65 கி.மீ. பள்ளத்தாக்கு 2002 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. போகும்போது இடப்பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். நதி அந்தப் பக்கம்தான். பாகராக்கில் இறங்கி நடக்கலாம்.
* 3-ம் நாள், மொசெல்: கோகெம் கோட்டை, சுற்றிலும் மஞ்சளாகும் திராட்சைச் சரிவுகள்.
* 4-ம் நாள், ட்ரியர்: ரோமானியர் கட்டிய போர்ட்டா நீக்ரா வாயில்.

எப்போது போகணும்?
அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன்பே. அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். பிறகு மாலை 5 மணி தாண்டினாலே இருட்டிடும், படகுகளும் குறைந்துவிடும்.

டிக்கெட்?
‘டாய்ச்லாந்து டிக்கெட்’ 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. உள்ளூர், பிராந்திய ரயில்களுக்கு மட்டும், ஐசிஇ-யில் செல்லாது. இது மாதச் சந்தா. அதே மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால், அடுத்த மாதப் பணமும் போயிடும்.

மறக்க வேண்டாம்
ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கிடுங்க.