டேங்க் நிறையவே இல்லையா?

“வீடு கட்டி இருபது வருஷம் ஆச்சு, செப்டிக் டேங்க் ஒரு தடவைகூட நிறையலை” என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அது கவலைப்பட வேண்டிய சேதி.

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். ஒரு வாளித் தண்ணீர் உள்ளே போனால், மறுபக்கம் ஒரு வாளி வெளியேறும். அதற்கு நடுவில் ஒரு நாளாவது கழிவுநீர் அசையாமல் கிடக்க வேண்டும். அப்போதுதான் கனமானது அடியில் கசடாகப் படியும்; எண்ணெய்ப் பசையும் லேசானதும் மேலே ஏடு கட்டி மிதக்கும். இடையில் தெளிந்த நீர் மட்டும் நடுச்சுவரைத் தாண்டி, அடுத்த அறையில் இன்னும் கொஞ்சம் தெளிந்து, உறிஞ்சு குழிக்குப் போகும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடைத் தின்று குறைக்கும். ஆனால் முழுக்கத் தீர்க்காது. மிச்சம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும்.

ஆக, பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டத்தை அல்ல, கசடை. டேங்கில் மூன்றில் ஒரு பங்கைக் கசடு பிடித்துக்கொண்டால் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். சராசரிக் குடும்பத்துக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை.

அப்படியானால் இருபது வருஷம் நிறையாதது? பெரும்பாலும் அது டேங்கே அல்ல. சிமென்ட் உறைகளை இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்ட குழி. எல்லாம் மண்ணுக்குள் போகிறது. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கிட்டத்தட்ட 60 அடி. நாற்பதுக்கு அறுபது மனையில் இந்த மூலையில் கிணறும் அந்த மூலையில் குழியும் வைத்தால்தான் அது தேறும். பக்கத்து வீட்டுக்காரர் குழியை எங்கே வெட்டியிருக்கிறார் என்பது வேறு கதை.

கோளாறு சத்தத்தில்தான் தொடங்கும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் குளியலறைத் தரைச் சல்லடையில் ‘களக் களக்’ என்று குமிழி விடும். ஒரே ஒரு குழாயில் தண்ணீர் தேங்கினால் அங்கேதான் அடைப்பு. தரைத்தளத்தில் எல்லாமே மந்தமானால் டேங்கையோ உறிஞ்சு குழியையோ சந்தேகப்படுங்கள். கோடையிலும் குழியைச் சுற்றிப் புல் மட்டும் கரும்பச்சையாக இருப்பது, மண் சொதசொதப்பது, கிணற்று நீர் நாறுவது எல்லாம் முற்றிய நிலை. மழைக்காலத்தில் மட்டும் கழிவு எதிர்த்து வந்தால், மண் ஊறிப்போய் உறிஞ்சு குழி வாங்க மறுக்கிறது என்று பொருள். லாரி வந்தாலும் பத்து நாளில் பழையபடி ஆகிவிடும்.

நாப்கின், முடி, சமையல் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. மொட்டைமாடி மழைநீரையும் இதில் விடாதீர்கள். வேகமாகப் பாயும் நீர் படிந்த கசடைக் கலக்கி உறிஞ்சு குழிக்குத் தள்ளிவிடும். தினம் ஆசிட் ஊற்றிக் கழுவினால் உள்ளே வேலை செய்யும் உயிர்கள் சாகும். லாரிக்காரர் கொஞ்சம் கசடை அடியில் விட்டுப்போனால் சண்டை போடாதீர்கள், அதுதான் அடுத்த ஈட்டுக்கு உறைமோர்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். இரண்டாவது வாயு அளவு மீறினால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். “நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்” என்று நம்பி இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப்போனவர்களும் அடுத்தடுத்துச் செத்திருக்கிறார்கள்.

கூலிக்கு ஆள் கிடைக்கிறார் என்று இறக்கிவிடாதீர்கள். 14420-க்குப் போன் செய்து லாரியை வரவழையுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கினால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.