முதல் கிரெடிட் கார்ட்: எதனைத் தேர்ந்தெடுப்பது?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டால், அடுத்ததாக நம் கண்களில் அதிகம் படுவது கிரெடிட் கார்ட் விளம்பரங்கள் தான். ஆண்ட்டி வைரஸ் சந்தாவினைப் புதுப்பிக்கச் சென்றாலும், பிரிண்டருக்கு இங்க் கார்ட்ரிட்ஜ் வாங்கச் சென்றாலும், "இந்தக் கார்ட் இருந்தால் 10 சதவீதம் தள்ளுபடி" என ஒரு கட்டம் எழுந்து வருகிறது. புதிதாக வேலையில் சேர்ந்த ஒருவர் அதில் கிளிக் செய்து, படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். சில நாட்களில் "உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை" என்று மெயில் வருகிறது. நல்ல சம்பளம். யாரிடமும் ஒரு ரூபாய் கடன் இல்லை. பின் ஏன் மறுக்கிறார்கள்?

கடனே வாங்கியதில்லை என்பது தான் காரணம். நாம் கடனைத் திருப்பிச் செலுத்தும் விதத்தைப் பதிவு செய்து வைக்க இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் உள்ளன. 2000ல் தொடங்கப்பட்ட சிபில் (இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில்) இவற்றில் பலரும் அறிந்தது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவை மற்றவை. இவை தரும் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் தயக்கமின்றிக் கடன் தரும். கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இருக்காது; பதிலாக "வரலாறு இல்லை" என்ற குறிப்பு இருக்கும். இது மோசமான குறிப்பு அல்ல. தேர்வு எழுதாதவரைத் தோற்றவர் என்று சொல்ல முடியாது அல்லவா? ஆனால் வங்கிக்கு உங்களை எடை போட வழி இல்லாமல் போகிறது.

எனவே விண்ணப்பிக்கும் முன் உங்கள் அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2017 முதல் இந்த ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தேடலில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்யாமல், நிறுவனத்தின் தள முகவரியை நீங்களே பிரவுசரில் டைப் செய்து செல்லவும். உங்கள் பான் எண்ணில் வேறு யாரோ வாங்கிய கடன் காட்டப்பட்டால், உடனே அந்தத் தளத்திலேயே புகார் பதிவு செய்திடுங்கள். நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஆனால் ஒரே மாதத்தில் ஐந்து வங்கிகளில் விண்ணப்பம் போட்டால், ஐந்து வங்கிகளும் விசாரித்தது அறிக்கையில் பதிவாகும். பணத்திற்கு அலைபவர் என்ற எண்ணம் ஏற்பட்டு, மதிப்பெண்ணும் குறையலாம்.

முதலில் அணுக வேண்டியது உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கி. மாதந்தோறும் சம்பளம் வருவது அவர்களுக்குத் தெரியும். நெட் பேங்கிங்கில் லாக் இன் செய்து, கார்ட்கள் பிரிவில் உங்களுக்கென முன் அனுமதி பெற்ற கார்ட் ஏதேனும் காட்டப்படுகிறதா எனப் பார்க்கவும். இருந்தால் பெரும்பாலும் காகிதம் எதுவும் தராமலே கிடைத்துவிடும்.

இல்லை என்றால், ஃபிக்சட் டெபாசிட் அடிப்படையில் தரப்படும் கார்ட் உள்ளது. பலரும் இதனை இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், புதியவருக்கு இதுவே நல்ல தொடக்கம். டெபாசிட் தொகையில் பெரும்பகுதி, சில வங்கிகளில் முழுவதும், செலவு வரம்பாகக் கிடைக்கும். டெபாசிட்டிற்கான வட்டி வழக்கம் போல வரும். பொதுவாக வருமானச் சான்று தேவைப்படாது. கடைக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. சிபிலுக்கும் மற்ற கார்ட்களைப் போலவே தகவல் செல்லும். பணம் கட்டத் தவறினால் வங்கி டெபாசிட்டில் கை வைக்கும் என்பதனை மட்டும் நினைவில் கொள்ளவும். அப்பாவின் கார்டில் கூடுதல் கார்ட் வாங்கிக் கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். செலவுக்கு உதவும். ஆனால் அதன் வரலாறு பெரும்பாலும் அப்பாவின் பெயரில் தான் சேரும்.

எந்த வகை கார்ட்? விமான நிலைய ஓய்வறை, ஹோட்டல் சலுகை என்றெல்லாம் வரும் கார்ட்களை இப்போது விட்டுவிடுங்கள். ஆண்டுக் கட்டணம் இல்லாத சாதாரண கார்ட் போதும். "முதல் ஆண்டு இலவசம்" என்பதும் "ஆயுள் முழுவதும் இலவசம்" என்பதும் ஒன்றல்ல.

சலுகைகளைக் காட்டிலும் கவனமாகப் படிக்க வேண்டியது வட்டி. பில் தொகையை முழுவதும், கெடு தேதிக்குள் கட்டினால் வாங்கிய பொருட்களுக்கு வட்டி இல்லை. பில்லில் பெரிய எழுத்தில் தெரியும் "குறைந்தபட்சத் தொகை" தான் சிக்கல். பில் 20,000 ரூபாய், குறைந்தபட்சம் 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் மட்டும் கட்டுகிறீர்கள் என வைத்துக் கொள்வோம். மாத வட்டி 3.75 சதவீதம் என்றால், மீதி 19,000க்கு வட்டி 712 ரூபாய். அதன் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 128 ரூபாய். ஆக, கட்டிய ஆயிரத்தில் 160 ரூபாய் தான் கடனைக் குறைத்தது! உண்மையில் வட்டி வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால் நிலைமை இன்னும் மோசமாகவே இருக்கும். பாக்கி தீரும் வரை புதிதாக வாங்கும் பொருட்களுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி உண்டு. ஏ.டி.எம்.மில் இந்தக் கார்டினைப் பயன்படுத்திப் பணம் எடுக்க வேண்டாம். அதற்குக் கட்டணமும் உண்டு, வட்டியும் அன்றே தொடங்கிவிடும்.

முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகச் செல்லும்படி நெட் பேங்கிங்கில் அமைத்துவிடுவது நல்லது. அமைக்கும்போது குறைந்தபட்சத் தொகை, முழுத் தொகை என இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கவும். வரம்பில் 30 சதவீதத்திற்குள் செலவு செய்து வந்தால் மதிப்பெண் நன்றாக வளரும். 30,000 வரம்பு என்றால் மாதம் 9,000.

கார்ட் வந்தவுடன் அதன் செட்டிங்ஸ் பகுதிக்குச் செல்லவும். 2020ல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதிப்படி, ஆன்லைன், வெளிநாடு, தொடாமல் செலுத்துதல் என ஒவ்வொன்றையும் நீங்களே ஆன் அல்லது ஆஃப் செய்திடலாம். ஒவ்வொன்றிற்கும் வரம்பு வைக்கலாம். தொடாமல் செலுத்துவதில் 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காது என்பதால், தேவையில்லை எனில் ஆஃப் செய்துவிடுங்கள்.

"வரம்பை உயர்த்துகிறோம், இந்த ஏ.பி.கே. பைலை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தொட வேண்டாம். உங்கள் ஓ.டி.பி.யைத் திருடும் புரோகிராம் அது. ஏமாந்துவிட்டால் முதலில் கார்டினை பிளாக் செய்து, வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற எண்ணையும் உடனே அழைக்கவும்.

கார்ட் பிடிக்கவில்லை என்றால் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு மூடச் சொல்லலாம். 2022ல் வந்த விதிப்படி 7 வேலை நாட்களுக்குள் வங்கி அதனை மூட வேண்டும். தாமதித்தால், மூடும் வரை நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும். மூடச் சொல்லி அனுப்பும் மெயிலின் நகலை அழித்துவிடாதீர்கள்.