வாகனத் திருட்டும் அதனைத் தடுக்கும் வழிகளும்

மோட்டார் வாகனம் செல்வர்க்கு மட்டுமே உரிய ஆடம்பரப் பொருளாய் இருந்த காலம் கடந்துவிட்டது. பல கிராமங்களைச் சுற்றிவர வேண்டிய விவசாய விரிவாக்க ஊழியருக்கும், தடுப்பூசிப் பெட்டியுடன் செல்லும் சுகாதார ஊழியருக்கும், பஸ் வசதியற்ற ஊரிலுள்ள பள்ளிக்குச் செல்லும் ஆசிரியருக்கும் மோட்டார் சைக்கிள் இன்று கைகால் போன்றது. அது களவு போகுமாயின் பல மாதச் சம்பளம் போவதோடு அன்றாடப் பணியும் முடங்கிவிடும். ஜீப்பின் கண்ணாடியை உடைத்து ஒரு பையை எடுத்துச் செல்பவனுக்கு அதிலுள்ள கைபேசியும் பணமும் மட்டுமே பெரிதாகத் தோன்றும். அப்பையிலிருந்த குறிப்பேட்டில் ஒரு பருவம் முழுவதும் அளந்தெழுதிய மழைக் கணக்கோ மண் ஆய்வுக் குறிப்போ இருந்திருப்பின், அவ்விழப்பை எந்த இன்ஷூரன்ஸாலும் ஈடுசெய்ய இயலாது.

வாகனங்களைக் காப்பது போலீசாரின் கடமை மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். திருட்டு எவ்வாறு நிகழ்கிறது, எதனால் தடைப்படுகிறது என்பதைப் பௌதிகம், உலோக இயல், மின்னணுவியல், சமூக ஆராய்ச்சி ஆகிய துறைகள் ஓரளவு தெளிவாக்கியுள்ளன. அவற்றை அறிந்துகொண்டால், பெருஞ்செலவின்றியே வாகனத்தைக் காத்துக்கொள்ளலாம்.

சந்தர்ப்பமும் திருட்டும்

அமெரிக்க அறிஞர்களான லாரன்ஸ் கோஹன், மார்க்கஸ் ஃபெல்சன் ஆகியோர் 1979-ம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டனர். திருட நினைப்பவன், திருடுதற்கு எளிதான பொருள், காவலின்மை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடும்போதே திருட்டு நிகழ்கிறது என்பது அக்கருத்தின் சாரம். மூன்றில் ஒன்றை விலக்கினாலும் திருட்டு நடவாது. திருட நினைப்பவனின் உள்ளத்தை மாற்றுவது வாகன உரிமையாளரின் கையில் இல்லை. மற்ற இரண்டும் பெரும்பாலும் அவர் கையிலேயே உள்ளன.

இதனை விளக்க ஜெர்மனியின் அனுபவங்கள் இரண்டு போதும். மேற்கு ஜெர்மனியில் 1963-ம் ஆண்டில் பழைய கார், புதிய கார் என்ற வேறுபாடின்றி எல்லாக் கார்களுக்கும் ஸ்டியரிங் பூட்டு கட்டாயமாக்கப்பட்டது. கார்த் திருட்டு வெகுவாகக் குறைந்தது. பிரிட்டனில் 1971-ம் ஆண்டில் புதிய கார்களுக்கு மட்டும் அப்பூட்டு விதிக்கப்பட்டது. அங்கே புதிய கார்கள் களவு போவது குறைந்தது. ஆனால் கள்வர் பூட்டில்லாத பழைய கார்களை நாடினர். பழைய வாகனத்தை யார் திருடப்போகிறார் என்ற எண்ணம் எத்துணைத் தவறானது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது அனுபவம் இன்னும் வியப்பூட்டுவது. தலைக்கவசம் அணியாத மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு மேற்கு ஜெர்மனியில் 1980-ம் ஆண்டு முதல் அவ்விடத்திலேயே அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டில் ஏறக்குறைய 1,53,000 மோட்டார் சைக்கிள்கள் களவு போயிருந்தன. 1986-ம் ஆண்டில் அத்தொகை ஏறக்குறைய 54,000 ஆகக் குறைந்தது. கார்த் திருட்டோ அதற்கு ஈடாகப் பெருகவில்லை. சந்தர்ப்பம் கண்டு திருடுபவன் தலைக்கவசத்துடன் புறப்படுவதில்லை. வெறுந்தலையுடன் வண்டியை ஓட்டிச் சென்றால் முதற் சந்திப்பிலேயே போலீசாரின் கண்ணில் படுவான். உயிரைக் காப்பதற்கென எழுந்த விதி உடைமையையும் காத்தது. இந்தியாவில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. அதனை ஊரார் அனைவரும் கடைப்பிடிப்பார்களாயின் இவ்விரண்டாம் பயனும் கிட்டக்கூடும்.

கண்ணாடியின் இயல்பு

காரின் முன்புறக் கண்ணாடி, இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. அது விரிசல் விடுமேயன்றிச் சிதறி விழாது. பக்கக் கண்ணாடிகளோ பெரும்பாலும் வெப்பத்தால் உறுதியூட்டப்பட்டவை. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றிய கண்ணாடியின்மீது குளிர்ந்த காற்றை விரைவாக வீசும்போது மேற்பரப்பு முதலில் இறுகுகிறது. உட்பகுதி பின்னர்க் குளிர்ந்து சுருங்குகையில் மேற்பரப்பை அழுத்தி நிற்கிறது. இவ்வழுத்தத்தால் கண்ணாடி கையால் குத்தினாலும் உடையாத வலிமை பெறுகிறது. ஆயின் மிகக் கடினமான ஒரு கூர்முனை அம்மேற்படலத்தை ஓரிடத்தில் துளைத்துவிட்டால், உள்ளே தேங்கிய விசை முழுதும் நொடியில் விடுபட்டுக் கண்ணாடி சிறுசிறு துண்டுகளாய் உதிர்ந்துவிடும். விபத்தில் சிக்கியவரைக் காயமின்றி வெளியே எடுக்க உதவும் இவ்வியல்பே கள்வனுக்கும் உதவுகிறது. டில்லி வட்டாரத்தில் கவண்வில்லும் இரும்புக் குண்டும் கொண்டு கார்க் கண்ணாடிகளை உடைக்கும் கூட்டங்கள் பல முறை பிடிபட்டுள்ளன.

எனவே கண்ணாடியை நம்பிப் பொருளை விட்டுச் செல்லலாகாது. கறுப்புப் படலம் ஒட்டி மறைக்கலாமெனில் சட்டம் அதற்கு இடந்தராது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத ஒளியும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத ஒளியும் ஊடுருவ வேண்டுமென மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. காரினுள் வெளியே தெரியும்படி எதுவும் இல்லாதிருப்பதே சிறந்த காவல். வெறும் பையாயினும் அதனுள் ஏதோ உள்ளதெனக் கள்வன் கருதுவான். பொருள்களைப் பின்பெட்டியில் வைக்க வேண்டுமாயின், புறப்படும் இடத்திலேயே வைத்துவிட வேண்டும். வண்டியை நிறுத்தும் இடத்தில் பலர் காணப் பெட்டியைத் திறந்து வைப்பது, பொருள் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுப்பதாகும்.

கண்ணாடியை உடைக்காமலே களவாடுவோரும் உளர். சன்னலைத் தட்டி, சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது என்றோ எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது என்றோ சொல்வர். தரையில் சில ரூபாய் நோட்டுகளைச் சிதறவிட்டு, அவை உங்களுடையனவா என்று வினவுவதும் உண்டு. ஓட்டுபவர் இறங்கிப் பார்ப்பதற்குள் மறுபுறக் கதவு வழியே பை மறைந்துவிடும். இத்தகைய நேரத்தில் இறங்கவேண்டியிருந்தால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லாக் கதவுகளையும் பூட்டிய பின்னரே இறங்க வேண்டும்.

சாவிக்குள் ஒரு காவலன்

பழைய வாகனங்களில் சாவி என்பது இரு கம்பிகளை இணைக்கும் சுவிட்சே. அக்கம்பிகளை வெளியே இழுத்து இணைத்துவிட்டால் எஞ்சின் ஓடத் தொடங்கும். இக்குறையை நீக்க வந்த கருவியே இம்மொபிலைசர் ஆகும். சாவியின் தலைப்பகுதியில் மிகச் சிறிய மின்னணுச் சில்லு ஒன்று பொதிந்திருக்கும். அதற்குத் தனி பாட்டரி தேவையில்லை. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப் புலத்திலிருந்தே மின்சக்தியைப் பெற்றுக்கொள்ளும். வாகனம் ஒரு கேள்வி எண்ணை அனுப்ப, சில்லு அதற்குரிய விடை எண்ணை அனுப்பும். விடை பொருந்தினால் அன்றி எஞ்சின் இயங்காது.

ஐரோப்பிய நாடுகளில் 1998-ம் ஆண்டு முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. நெதர்லாந்தின் விவரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர், 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் இக்கருவி கார்த் திருட்டைச் சராசரியாக 40 சதவீத அளவுக்குக் குறைத்ததெனக் கணக்கிட்டுள்ளனர். மாறாக, அமெரிக்காவில் இக்கருவியின்றி விற்கப்பட்ட சில மாடல் கார்களை எளிதில் ஓட்டிச் செல்லும் முறை 2021, 2022-ம் ஆண்டுகளில் இணையத்தில் பரவவே, பல நகரங்களில் அம்மாடல்களின் திருட்டு திடீரெனப் பெருகியது.

ஆயினும் எந்தப் பூட்டும் முடிந்த முடிபன்று. சட்டைப்பையில் சாவி இருந்தாலே கதவு திறந்து எஞ்சின் ஓடும் புதிய வாகனங்களில் வேறொரு குறை உண்டு. சாவி சில அடி தூரத்துக்குள் இருப்பதாக வாகனம் உணர்ந்தால்தான் திறக்கும். இரு கள்வருள் ஒருவன் வீட்டு வாயிலருகிலும் மற்றவன் காரருகிலும் நின்று, தம் கருவிகளால் அந்த ரேடியோச் செய்தியை இடைநின்று கடத்தினால், வீட்டினுள் உள்ள சாவி தன்னருகே இருப்பதாகக் கார் ஏமாந்துவிடும். ஸூரிச் நகர ஆராய்ச்சியாளர் 2011-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 8 உற்பத்தியாளர்களின் 10 மாடல்களை இம்முறையில் சோதித்து, அனைத்தையும் திறந்து காட்டினர். இதற்கு மாற்று எளியது. இரவில் சாவியை வாயிலுக்கு அப்பால், மூடியுள்ள உலோகப் பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டி பயன் தருகிறதா என்பதை அறிய, அதனைக் காரின் கதவருகே கொண்டுசென்று பார்த்தால் போதும். கார் திறவாதிருக்க வேண்டும். இதனோடு ஸ்டியரிங்கில் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டும் இரும்புப் பூட்டும் இருப்பின் இன்னும் நலம்.

இரு சக்கர வாகனங்களின் பூட்டு

இந்தியாவில் களவு போகும் வாகனங்களில் இரு சக்கர வாகனங்களே மிகுதி. கைப்பிடிப் பூட்டு ஒரு சிறு இரும்புத் தண்டு மட்டுமே. பலங்கொண்டு திருகினால் முறிந்துவிடக் கூடும். ஆதலால் முன்சக்கரத்தின் டிஸ்க்கிற்கோ சக்கரத்திற்கோ தனிப் பூட்டு ஒன்று தேவை. சங்கிலியைச் சக்கரத்தில் மட்டும் பூட்டினால் வண்டியைத் தூக்கி வேறொரு வாகனத்தில் ஏற்றிவிடலாம். அதனைக் கம்பத்தோடோ சுவரில் பதித்த வளையத்தோடோ சேர்த்துப் பூட்டவேண்டும். சங்கிலி தரையில் படியலாகாது. தரையில் கிடக்கும் கண்ணியைச் சம்மட்டியால் அடித்து உடைப்பது எளிது. ஒரு நிமிடத்தில் முடியும் வேலையைப் பத்து நிமிட வேலையாக்குவதே பூட்டின் பயன்.

எண்கள் கூறும் சாட்சி

திருடிய வாகனத்தை விற்க வேண்டுமாயின் அதன் அடையாளத்தை மாற்றியாக வேண்டும். சேஸிஸ் எண் இன்று உலகெங்கும் 17 எழுத்தும் எண்ணுமாய் அமைந்துள்ளது. ஒன்று, பூச்சியம் ஆகிய எண்களோடு மயங்காதிருக்க, ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ ஆகியவை அதில் இடம்பெறா. கள்வர் இவ்வெண்ணை அரத்தால் தேய்த்து அழிப்பதுண்டு. ஆயின் எண்ணைப் பதிக்கும்போது எழுத்தின் கீழுள்ள உலோகப் படிகங்களும் நசுங்குகின்றன. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்நசுக்கம் அடியில் எஞ்சும். தடய அறிவியல் ஆய்வாளர் செப்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைத் தடவும்போது, நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு, மறைந்த எண் மங்கலாக வெளிப்படும்.

2019-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் நாள் முதல் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமாகும். அசோகச் சக்கர ஹோலோகிராமும், லேசரால் பொறித்த தனி எண்ணும், கழற்றினால் மீண்டும் மாட்ட இயலாத பூட்டும் அதன் சிறப்புகள். பழைய வாகனம் வாங்குவோர், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் அது திருட்டு வாகனமா என்பதைப் பார்த்தறியலாம். திருட்டுப் பொருளென்று அறிந்தோ, நம்பக் காரணமிருந்தோ நேர்மையற்று வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ம் பிரிவின்படி குற்றமாகும். விற்போரும் பெயர் மாற்றத்தை முடிக்காமல் விடலாகாது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராவார் என்பது 2018-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கோட்பாடு.

களவு நேர்ந்தபின் செய்ய வேண்டியவை

1. கண்ணாடி உடைபட்டிருப்பின் எதனையும் தொடாமல் முதலில் புகைப்படம் எடுக்க வேண்டும். கைரேகை அழிந்துவிடலாகாது.

2. வாகனமே காணாமற் போயிருப்பின் உடனே போலீசாருக்குச் சொல்ல வேண்டும். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவின்படி, எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியே தந்தால் 3 நாள்களுக்குள் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெற உரிமை உண்டு.

3. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தாமதமின்றி எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். போலீசில் உடனே புகார் செய்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாக அறிவித்ததை மட்டும் காட்டி இழப்பீட்டை மறுக்கலாகாதென உச்ச நீதிமன்றம் 2020-ம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மூன்றாம் நபருக்குரிய கட்டாயப் பாலிசி மட்டும் எடுத்தவர்க்குத் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்பதையும் மனத்திற் கொள்க.

4. பையுடன் வங்கி அட்டையும் கைபேசியும் போயிருப்பின், அவற்றை முடக்கும் வேலையை முதலிற் செய்ய வேண்டும். பதிவுச் சான்று தொலைந்தால் படிவம் 26-ன் வழியே மறு நகல் பெறலாம். மின்னணு வடிவிலுள்ள சான்றுகள் 2018-ம் ஆண்டு முதல் ஏற்கப்படுவதால், அசல் பத்திரங்களை வாகனத்தில் வைத்திருக்க வேண்டியதே இல்லை.

5. இடங்காட்டும் கருவி வாகனம் உள்ள இடத்தைக் காட்டினாலும், உரிமையாளர் தனியே அங்குச் செல்லலாகாது. செய்தியைப் போலீசாரிடம் தருவதே முறை.

சட்டத்தின் தண்டனை கடுமையானதே. பொருள்களையோ பயணிகளையோ ஏற்றும் போக்குவரத்துச் சாதனத்தைத் திருடினாலும், அதிலிருந்து பொருளைத் திருடினாலும் நியாய சன்ஹிதாவின் 305-ம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ஆனால் தண்டனை, திருட்டு நடந்தபின் வருவது.

பள்ளியும் ஊரும்

இத்துறையில் ஆசிரியர் செய்யக்கூடிய பணி பெரிது. மேல்வகுப்பு மாணவர் தத்தம் வீட்டு வாகனத்தின் பதிவு எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண், பாலிசி முடியும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வாகனத்தில் வைக்காமல் வீட்டிலேயே பத்திரப்படுத்தச் செய்யலாம். களவு நேர்ந்த நாளில் பதற்றத்தில் இருக்கும் பெற்றோர்க்கு அத்தாளே முதல் உதவியாகும். உலோகப் பெட்டி ரேடியோ அலையைத் தடுப்பதையும், உறுதியூட்டிய கண்ணாடியின் இயல்பையும் பௌதிகப் பாடத்தோடு சேர்த்து விளக்கலாம்.

கள ஊழியர் தாம் செல்லும் ஊர்களில் வாகனம் நிறுத்தும் இடத்தைக் கவனித்தல் நலம். சந்தைத் திடலிலும் கோயில் திருவிழாவிலும் ஆஸ்பத்திரி வாயிலிலும் வண்டிகளை ஒழுங்காக ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு விளக்கும், சீட்டுக் கொடுத்து வாங்கும் ஒரு காவலாளியும் இருக்கும்படி பஞ்சாயத்தார் ஏற்பாடு செய்வது எளிது. ஒவ்வொருவரும் தத்தம் வண்டியை மட்டும் பூட்டிக்கொண்டால் கள்வன் பூட்டாத அடுத்த வண்டியைத் தேடுவான். ஊர் முழுதும் பூட்டிக் காவலும் வைத்தால் அவனுக்கு அங்கு வேலையில்லை. அரை மணி நேரக் கூட்டம் ஒன்றில் இதனைப் பேசி முடிவு செய்தால், ஏழைத் தொழிலாளி ஒருவரின் கடன் தீராத வண்டியேனும் தப்பும்.