கடற்கரை ஒளிப்படமும் உணர்வுநிலையும்: நெய்தல் நோக்கில் சில குறிப்புகள்

பெல்மதுளைப் பகுதித் தோட்டங்களிலே, லய அறைகளின் சுவரில் தொங்கும் நாட்காட்டிகளில் கடற்கரைக் காட்சியை அடிக்கடி காணலாம். செந்நிற வானம், ஒரு தென்னை, ஆளரவமற்ற மணல். மலையடிவாரத்திலே பிறந்து, கடலை ஓரிரு முறை மட்டுமே கண்டவரையும் அப்படம் சற்று நின்று நோக்கச் செய்கின்றது. இவ்வீர்ப்பு கடலிலிருந்து பிறப்பதா, கருவியிலிருந்து பிறப்பதா, நோக்குபவரின் வரலாற்றிலிருந்து பிறப்பதா என்பதே நமது வினா.

நிலத்தையும் உணர்வையும் இணைத்து நோக்குதல் தமிழிலக்கிய மரபுக்குப் புதிதன்று. நெய்தலுக்குப் பொழுது சாயும் எற்பாட்டைச் சிறுபொழுதாகவும் இரங்கலை உரிப்பொருளாகவும் இலக்கண மரபு வகுத்தது. ஆயின் முதற்பொருளுக்கும் உரிப்பொருளுக்கும் இடையில் கருப்பொருள் நிற்கின்றது என்பதைப் பலர் கருத்திற் கொள்வதில்லை. பரதவர், மீன்பிடி, உப்பு விளைத்தல் ஆகியன அதனுள் அடங்கும். அதாவது, இரக்கம் அலையிலிருந்து நேரே எழுவதன்று. அலையோடு போராடும் உழைப்பின் ஊடாக எழுவது.

ஒளிப்படக்கலையின் வரலாறோ இந்நடுப்பொருளைப் பெரிதும் நீக்கி வந்துள்ளது. ஆரம்பகால ஈரத் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக வினையாற்றின. கடலுக்கு அளவாக ஒளியூட்டினால் வானம் வெளிறிப்போகும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1856–57 காலத்துக் கடற்படங்கள் சிலவற்றில் வானுக்கு ஒரு தகடும் கடலுக்கு வேறொரு தகடும் பயன்படுத்தி இரண்டையும் ஒரே தாளில் இணைத்தார். பார்த்தோர் வியந்த அந்த இயற்கைச் சூழல் ஓர் இருட்டறையின் உற்பத்தி என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்று பெருவழக்கிலுள்ள உத்தி வேறு. வில்லையின் முன் கருமையான வடிகட்டியைப் பொருத்தி ஷட்டரைச் சில நிமிடங்கள் திறந்து வைப்பர். அலைகள் பனிமூட்டம்போல் மென்மையாகிவிடும். அதே நிமிடங்களில் அக்கரையிலே நடந்து செல்வோரும் வலை சுமப்போரும் படத்திலிருந்து மறைந்துவிடுவர். அசைவன எவையும் தகட்டில் நிலைப்பதில்லை. நாம் தனிமை எனப் போற்றுவதிற் பாதி இவ்வாறு மறைக்கப்பட்ட மனிதரே.

இதற்கு மாறானதோர் உதாரணம் இலங்கையிலேயே உண்டு. 1875 இல் இங்கு வந்து 1879 இல் இறந்த ஜூலியா மார்கரெட் கமரன், களு கங்கை கடலோடு கலக்கும் களுத்துறையில் வாழ்ந்தார். இரத்தினபுரியைக் கடந்து செல்லும் அதே கங்கைதான். அவருடைய இலங்கைப் படங்களில் எஞ்சியவை பெரும்பாலும் கடலையன்று, மனிதரையே காட்டுகின்றன; தோட்டத் தொழிலாளரும் அவற்றுள் அடங்குவர். ஆயினும் கோப்பித் தோட்ட உரிமையாளரின் மனைவி அவர். அசையாது நிற்குமாறு பணிக்கப்பட்டோரில் அநேகரின் பெயர்கள் பதிவாகவில்லை. உருவம் தங்கியது, ஆள் தங்கவில்லை.

மலையகத் தமிழருக்கு உரிய கடற்கரை எது? தலைமன்னார் என்றே கூறுவோம். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் பலர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபின், அதே கரையிலிருந்து குடும்பங்கள் பிரிந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறின. 1984 இல் அக்கப்பற் சேவை நின்றது. அங்குள்ள பழைய இறங்குதுறை இன்று ஒளிப்படக்காரருக்கு விருப்பமான பொருள்: சிதைந்த தூண்கள், மாலை ஒளி, வெறுமை. படங்கள் அழகானவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவ்வெறுமையைக் காலத்தின் இயல்பான அழிவாக அவை காட்டுகின்றன. இரு அரசுகள் கையெழுத்திட்ட பிரிவு அது என்பதை அவற்றிலிருந்து ஊகித்தறிய வழியில்லை.

தீர்வு உத்தியினுள்ளேயே ஓரளவு உண்டு. சில நிமிடங்களுக்குப் பதிலாக அரை விநாடி ஒளியூட்டினால் அலையும் கலங்கும். வலை இழுப்பவர் கலங்கிய உருவாகவேனும் எஞ்சுவார். நிற்குமிடமும் முக்கியமானது. கரையிலிருந்து கடலை நோக்குவது வழியனுப்பியோரின் பார்வை. படகிலிருந்து அவ்விறங்குதுறையைத் திரும்பி நோக்குவது கப்பலேறியோரின் பார்வை. நாம் கண்ட படங்கள் யாவும் முன்னைய வகையின.