போர்க்கடவுள் எதிர்நாயகனாதல்: வொண்டர் வுமன் காமிக்ஸில் ஏரீஸ்

ஆய்வுச் சுருக்கம்

கிரேக்கத் தொன்மத்தின் போர்க்கடவுளான ஏரீஸ், அமெரிக்கச் சூப்பர் ஹீரோ காமிக்ஸில் வொண்டர் வுமனின் முதன்மைப் பகைவர்களுள் ஒருவனாக 1942 முதல் படைக்கப்பட்டு வருகிறான். ஹோமரின் காப்பியங்களில் சூழ்ச்சித்திறன் அற்றவனாக, தோற்றும் அவமானப்பட்டும் திரும்புபவனாக வரும் இக்கடவுள், காமிக்ஸில் உலகப் போர்களைத் திட்டமிடும் எதிர்நாயகனாக மாறிய விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது. 1942, 1987, 2011 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய காமிக்ஸ் வடிவங்களும் 2017ஆம் ஆண்டுத் திரைப்படமும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஏரீஸ் கட்டப்படுகிறானா, கொல்லப்படுகிறானா என்பதைப் பொறுத்தே போருக்கான பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு படைப்பும் தரும் விடை அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஏரீஸ், வொண்டர் வுமன், காமிக்ஸ், தொன்ம மறுவாசிப்பு, எதிர்நாயகன், போர்.

முன்னுரை

தொன்மம் ஒரு காலத்திலிருந்து மற்றொரு காலத்திற்குச் செல்லும்போது பாத்திரப் பெயர்கள் பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றன. அப்பாத்திரங்களுக்கு இடையிலான உறவுகளே மாறுகின்றன. எனவே மறுவாசிப்பை ஆராய்வோர், எவருக்கு எவர் உறவினர், எவர் பகைவர், எப்பொருள் எவர் கையில் உள்ளது என்பவற்றை முதலில் ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது. தமிழ் ஆய்வுலகில் இம்முறை பெரிதும் கவிதை, சிறுகதை, நாடகம் ஆகியவற்றுக்கே பொருத்தப்பட்டுள்ளது. பல ஆசிரியர்களின் கைகளில் பல பத்தாண்டுகள் தொடரும் காமிக்ஸுக்கும் அதனைப் பொருத்திப் பார்க்க இயலும். ஒரே பாத்திரம் வெவ்வேறு காலங்களில் மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கப்படுவதால், மாற்றங்களை அடுத்தடுத்து வைத்துக் காணும் வாய்ப்பு அவ்வடிவில் மிகுதி.

ஹோமர் காட்டும் ஏரீஸ்

இலியட்டின் ஐந்தாம் காண்டத்தில் அதீனாவின் துணையுடன் டயோமிடிஸ் என்னும் மனித வீரன் ஏரீஸை ஈட்டியால் குத்துகிறான். ஒன்பதாயிரம், பத்தாயிரம் வீரர்கள் ஒருசேரக் கத்துவதுபோல் அலறிக்கொண்டு ஏரீஸ் ஒலிம்பஸுக்கு ஓடித் தந்தை ஜீயஸிடம் முறையிடுகிறான். கடவுளருள் தனக்கு மிகவும் வெறுப்புக்குரியவன் அவனே என்று ஜீயஸ் கடிந்துகொள்கிறான். ஆயினும் தன் மகன் என்பதால் புண்ணை ஆற்றச் செய்கிறான். இருபத்தொன்றாம் காண்டத்தில் அதீனா எறிந்த கல்பட்டு ஏரீஸ் வீழ்கிறான். கிரேக்கர் பக்கம் நிற்பதாகச் சொல்லிவிட்டு டிராய் நகரத்தார் பக்கம் சாய்ந்தவன் என்ற பழியும் அவன்மேல் உண்டு.

இந்த ஏரீஸிடம் வலிமையும் வெறியும் உள்ளன; திட்டம் இல்லை. டிராய்ப் போரை மூட்டியவனும் அவனல்லன். போரின் போக்கை வகுப்பவை ஜீயஸின் விருப்பமும் ஹீரா, அதீனா ஆகியோரின் சூழ்ச்சிகளுமே. பதினெட்டாம் காண்டத்தில் போர்க்கடவுள் இரு தரப்புக்கும் பொதுவானவன், கொல்ல வருபவனையும் கொல்பவன் என்ற பொருளில் ஹெக்டர் பேசுகிறான். போரின் தன்மையையே கடவுளாகக் கண்ட பார்வை இது. பதினைந்தாம் காண்டத்தில் மகன் அஸ்கலாபஸ் இறந்த செய்தி கேட்டுத் தொடையில் அறைந்துகொண்டு புலம்பும் தந்தையாகவும் ஏரீஸ் காட்டப்படுகிறான். போரினால் மைந்தரை இழக்கும் துயரம் போர்க்கடவுளையும் விடவில்லை.

கட்டுண்ட கடவுள்

ஏரீஸ் பற்றிய கிரேக்க மரபில் அவன் கட்டப்படும் செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. ஓட்டஸ், எபியால்டிஸ் என்னும் உடன்பிறந்தார் அவனைப் பிணித்து வெண்கலச் சாடியில் பதின்மூன்று மாதங்கள் அடைத்து வைத்தனர். ஹெர்மிஸ் அவனை மீட்டான். ஒடிசியின் எட்டாம் காண்டத்தில், தன் மனைவி அப்ரோடைட்டியுடன் கூடியிருந்த ஏரீஸைக் கொல்லுக் கடவுளான ஹெபஸ்டஸ் கண்ணுக்குப் புலப்படாத வலையில் சிக்கவைத்துப் பிற கடவுளர் நகைக்கும்படி செய்கிறான். ஸ்பார்ட்டாவில் போர்க்கடவுளாகிய எனியாலியஸின் பழைய சிலை ஒன்று விலங்கிடப்பட்டிருந்ததைப் பயண நூலாசிரியர் பாசேனியஸ் பதிவு செய்துள்ளார். அக்கடவுள் தங்களை விட்டு ஓடிவிடலாகாது என்பதே ஸ்பார்ட்டர் கருத்து என அவர் விளக்குகிறார்.

இச்செய்திகளின் நோக்கங்கள் வேறுவேறு. எனினும் ஒரு பொதுக்கூறு உண்டு: போர்க்கடவுளை ஒழித்துவிடலாம் என்று கிரேக்க மரபு எண்ணவில்லை, அடக்கி வைக்கலாம், அருகில் இருத்திக்கொள்ளலாம் என்றே எண்ணியது. காமிக்ஸ் வடிவங்களை மதிப்பிட இக்கூறு அளவுகோலாகிறது.

1942: உறவுகளின் தலைகீழாக்கம்

உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் எழுத, எச். ஜி. பீட்டர் வரைந்த வொண்டர் வுமன், 1941ஆம் ஆண்டின் இறுதியில் ஆல் ஸ்டார் காமிக்ஸின் எட்டாம் இதழில் அறிமுகமானாள். 1942 கோடையில் அவள் பெயரிலேயே வெளிவந்த முதல் இதழில் போர்க்கடவுள் மார்ஸ் என்னும் உரோமப் பெயருடன் பகைவனாகத் தோன்றுகிறான். ஆண்களை வாளால் ஆளச்செய்யும் மார்ஸுக்கும், அன்பால் வெல்லும் பெண்களைப் படைக்கும் அப்ரோடைட்டிக்கும் இடையிலான போட்டியே அமேசான் மகளிரின் தோற்றக் கதையாகிறது.

இங்கு மூன்று உறவுகள் தலைகீழாகின்றன. முதலாவது, கிரேக்க மரபில் ஏரீஸும் அப்ரோடைட்டியும் காதலர். ஹெசியட் கூறும் மரபில் இணக்கத்தின் உருவான ஹார்மோனியா அவர்களின் மகள். காமிக்ஸில் அவர்கள் நேர்ப்பகைவர். இரண்டாவது, கிரேக்க மரபில் அமேசான் மகளிர் ஏரீஸின் வழித்தோன்றல்கள். டிராய்க்குத் துணைவந்த பெந்தசிலியா அவனுடைய மகள். காமிக்ஸில் அவன் அம்மகளிரின் குலப்பகைவன். மூன்றாவது, அரசி ஹிப்போலிட்டா அணிந்த இடைக்கச்சை, அப்போலோடோரஸ் தொகுத்த கதைப்படி ஏரீஸுக்குரியது. அவளது மேன்மைக்கு அடையாளமானது. காமிக்ஸில் அது அப்ரோடைட்டி அளித்த மந்திரக் கச்சையாகிறது. தந்தையின் கொடை தேவியின் கொடையாக மாற்றப்பட்டதன்வழி, அமேசான் மகளிரின் வீரம் போர்க்கடவுளின் தொடர்பிலிருந்து முழுமையாக விடுவிக்கப்படுகிறது.

இம்மாற்றத்திற்குக் காலச் சூழல் காரணமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியிருந்த நேரத்தில் நாயகியும் போரிட வேண்டியிருந்தது. அதே வேளையில் அவள் போரை விரும்புபவளாக இருத்தல் ஆகாது. போர்வெறி முழுவதையும் மார்ஸிடம் ஒப்படைத்துவிட்டால் இச்சிக்கல் தீர்கிறது. இரண்டாம் இதழில் செவ்வாய்க் கோளிலிருந்து ஆளும் மார்ஸுக்குப் பேராசை, வஞ்சகம், ஆக்கிரமிப்பு ஆகியவற்றின் பெயர்தாங்கிய மூன்று தளபதிகள் உள்ளனர். அச்சு நாடுகளின் செயல்களுக்குப் பின்னால் அவர்களின் தூண்டுதல் உள்ளது. திட்டம் இல்லாதிருந்த கடவுளுக்கு முதன்முறையாகத் தலைமையகமும் படையமைப்பும் திட்டமும் கிடைக்கின்றன. வில்லன் எனப் பெருவழக்கில் வழங்கும் எதிர்நாயகனுக்கு இவை இன்றியமையாதவை. வெறும் வெறி ஓர் இதழுக்குப் போதும், தொடர்கதைக்குச் சூழ்ச்சி வேண்டும்.

பெயர் உரோமப் பெயராயினும் இப்பாத்திரம் உரோமரின் மார்ஸ் அன்று என்பதும் கருதத்தக்கது. உரோமர் மார்ஸை ரோமுலஸின் தந்தையாகவும் வயல்களைக் காப்பவனாகவும் போற்றினர். காமிக்ஸ் அப்பெயரை மட்டுமே எடுத்துக்கொண்டது.

1987: கயிற்றில் சிக்கிய ஏரீஸ்

1987இல் ஜார்ஜ் பெரெஸ் கதையமைப்பிலும் ஓவியத்திலும் முதன்மைப் பங்காற்ற, கிரெக் பாட்டர், லென் வெய்ன் ஆகியோர் எழுத்தில் துணைநிற்க, வொண்டர் வுமன் கதை புதிதாகத் தொடங்கப்பட்டது. முகம் மறைத்த கவசத்தலையும் எரியும் கண்களும் கொண்ட பேருருவாக ஏரீஸ் இதில் வரையப்படுகிறான். முகமில்லாத இவ்வுருவம், யார் கை அழுத்தியது என்று தெரியாமலே உலகை அழிக்கவல்ல அணுவாயுதக் காலத்தின் அச்சத்திற்குப் பொருந்துகிறது. அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே அணுவாயுதப் போரை மூட்டுவதே அவனுடைய திட்டம். அவன் மக்களாகிய போபோஸ், டைமோஸ் ஆகியோர் தந்தைக்குத் துணைநிற்க, ஹார்மோனியா டயானாவுக்கு உதவுகிறாள்.

இத்தொடரின் சிறப்பு முடிவில் உள்ளது. பூமித்தாய் கேயாவின் இடைக்கச்சையிலிருந்து ஹெபஸ்டஸ் உருவாக்கிய உண்மைக் கயிற்றால் டயானா ஏரீஸைப் பிணிக்கிறாள். தன் திட்டம் நிறைவேறினால் மனிதகுலமே அழியும், தன்னை வணங்கவும் எவரும் எஞ்சார் என்னும் உண்மையை ஏரீஸ் அக்கயிற்றின்வழிக் கண்டு பின்வாங்குகிறான். அவன் சாகவில்லை, அறிந்து அடங்குகிறான்.

ஒடிசியில் ஏரீஸைப் பிடித்த வலையும் ஹெபஸ்டஸின் படைப்பே என்பதை இங்கு இணைத்துக் காணலாம். அங்கு வலை அவனை நகைப்புக்கு ஆளாக்கியது. இங்குக் கயிறு அவனைச் சிந்திக்கச் செய்கிறது. 1942இல் தேவிக்கு மாற்றப்பட்ட கச்சை, 1987இல் பூமியின் கச்சையாகிப் போர்க்கடவுளையே கட்டும் கருவியாகிறது. இப்படைப்பு கட்டுண்ட கடவுள் என்னும் பழைய மரபுக்கு மிக அருகில் நிற்கிறது. போரை அழித்துவிட்டதாக இது கூறவில்லை. போர் தன் எல்லையை உணர வேண்டும் என்கிறது.

2011: ஆசானும் வாரிசும்

பிரையன் அஸரெல்லோ எழுதி, கிளிஃப் சியாங் முதன்மை ஓவியராக விளங்கிய 2011ஆம் ஆண்டுத் தொடர் வேறு வழியில் செல்கிறது. இதில் போர்க்கடவுள் பெரும்பாலும் 'போர்' என்றே அழைக்கப்படுகிறான். வழுக்கைத் தலையும் வெண்தாடியும் குருதி தோய்ந்த கால்களும் கொண்ட களைத்த கிழவன் அவன். சிறுமியாயிருந்த டயானாவுக்குப் போர்ப்பயிற்சி அளித்தவனும் அவனே. வீழ்ந்த மினோட்டாரைக் கொல்ல மறுத்தபோது அவள் அவனது மதிப்பை இழக்கிறாள். அமேசான் மகளிருக்கும் ஏரீஸுக்கும் இருந்த பழைய பிணைப்பு, குருதியுறவாக அன்றி ஆசான், மாணவி உறவாக இங்கு மீள்கிறது.

2013இல் வெளிவந்த இருபத்துமூன்றாம் இதழில், முதற்பிறந்தான் எனப்படும் கொடிய பகைவனை வீழ்த்தும் பொருட்டு, அவனைப் பிடித்து நிற்கும் ஆசானையும் சேர்த்தே டயானா ஈட்டியால் குத்த நேர்கிறது. ஏரீஸ் இறக்கிறான், ஆனால் அப்பதவி அழியவில்லை, கொன்றவளையே சேர்கிறது. டயானா போர்க்கடவுளாகிறாள். போரைக் கொல்ல எடுக்கும் ஆயுதமும் போரே என்னும் உண்மையை இக்கதையமைப்பு வெளிப்படுத்துகிறது. 1942இல் நாயகியிடமிருந்து அகற்றப்பட்ட போர், எழுபது ஆண்டுகளுக்குப்பின் அவளிடமே திரும்பி வருகிறது எனலாம்.

2017: திரைப்படம் எழுப்பிய வினா

பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய 2017ஆம் ஆண்டுத் திரைப்படம் முதல் உலகப் போர்க்காலத்தில் நிகழ்கிறது. ஏரீஸைக் கொன்றால் போர் நின்றுவிடும் என நம்பும் டயானா, ஜெர்மானியத் தளபதி லூடன்டார்ஃபே ஏரீஸ் என்று கருதி அவரைக் கொல்கிறாள். போர் நிற்கவில்லை. படைவீரர்கள் நச்சுவாயுக் கலன்களை ஏற்றுவதைத் தொடர்ந்து செய்கின்றனர். திரைப்படத்தின் வலுவான இடம் இதுவே. உண்மையான ஏரீஸோ போர்நிறுத்தத்திற்குப் பாடுபடும் பிரித்தானியப் பெருமகனின் வடிவில் இருந்தவன். தான் எண்ணங்களை மட்டுமே ஊட்டியதாகவும் தேர்வு மனிதருடையது என்றும் அவன் வாதிடுகிறான்.

ஆனால் ஏரீஸ் வீழ்ந்ததும் எதிர்த்துப் போரிட்ட வீரர்கள் தெளிவுபெற்று ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளும் காட்சி, மேற்கண்ட வினாவின் கூர்மையை மழுங்கச் செய்கிறது. மனிதரின் பொறுப்பை நிறுவிய படமே அப்பொறுப்பை மீண்டும் கடவுளிடம் ஒப்படைத்துவிடுகிறது. கதைக்களமான முதல் உலகப் போருக்குப்பின் இருபத்தோராண்டுகளில் இரண்டாம் உலகப் போர் வந்ததைப் பார்வையாளர் அறிவர். அவ்வறிவு இக்காட்சியோடு முரண்படுகிறது.

ஏரீஸை எதிர்நாயகனாக்கியே தீரவேண்டும் என்பதில்லை என்பதற்கு மார்வெல் நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டுக் குறுந்தொடர் சான்றாகும். மைக்கேல் ஏவன் ஓமிங் எழுதிய அதில் ஏரீஸ், கடத்தப்பட்ட தன் மகனை மீட்கப் போராடும் தந்தை. அஸ்கலாபஸுக்காகப் புலம்பிய இலியட்டின் ஏரீஸை அது நினைவூட்டுகிறது.

முடிவுரை

ஏரீஸ் எதிர்நாயகனானபோது அவனுக்குத் திட்டம் கிடைத்தது; காதலும் மக்கள் பாசமும் பறிபோயின. 1942ஆம் ஆண்டு வடிவம் அமேசான் மகளிரைப் போரின் தொடர்பிலிருந்து விடுவிக்க அவர்களின் தந்தையைப் பகைவனாக்கியது. 1987ஆம் ஆண்டு வடிவம் அவனைக் கட்டியது. அதனால் போர் என்னும் ஆபத்து கதைக்குப் பின்னும் உலகில் எஞ்சுகிறது, மனிதரின் விழிப்பும் தேவையாகிறது. 2011இல் தொடங்கிய வடிவம் அவனைக் கொன்றதன் விலையை நாயகியையே சுமக்கச் செய்தது. 2017ஆம் ஆண்டுத் திரைப்படம் விலையின்றிக் கொல்ல முயன்றதால் தான் எழுப்பிய வினாவுக்கே விடை தரவில்லை.

போருக்கு ஒரு முகத்தைத் தந்து அம்முகத்தை வீழ்த்துவது கதைக்கு எளிது. எல்லாத் தீங்கும் அம்முகத்தினுடையது என்று நம்பும் வாசகர் தம் பொறுப்பை மறக்க நேரும் என்பதே அதன் இடர். கிரேக்கர் அக்கடவுளை வெறுத்தனர்; தம் மகளிர்க் கதைகளிலும் காதல் கதைகளிலும் அவனுக்கு இடமும் தந்தனர். போர் தமக்கு உறவானது என்று அவர்கள் அறிந்திருந்ததை இது காட்டுகிறது. காமிக்ஸ் ஏரீஸை மதிப்பிடுவோர் அவன் எவ்வளவு கொடியவனாக வரையப்பட்டான் என்பதைவிட, அவனுக்கும் மனிதருக்கும் உள்ள உறவை அப்படைப்பு எவ்வளவு ஒப்புக்கொள்கிறது என்பதையே நோக்குதல் வேண்டும்.