கண்ணீருக்கு மட்டுமா மேடை?

மருதானை என்றதும் புகையிரத நிலையமும் பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளும்தான் எம்மில் பலருக்கு நினைவில் வரும். அலுவல்களுக்காகக் கொழும்புக்கு வந்துபோன பெண்கள் பலர் இந்த வீதியைப் பஸ்ஸில் கடந்திருப்பீர்கள். அந்தக் கடைகளுக்கு நடுவே பழைய நாடக அரங்கு ஒன்று இருக்கிறது. அதுதான் டவர் மண்டபம். 1911 டிசம்பர் 6 ஆம் திகதி சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய' நாடகத்துடன் அது திறக்கப்பட்டது.

பம்பாயிலிருந்து கப்பலேறி வந்த பார்சி நாடகக் குழுக்களின் பாதிப்பினால் உருவான 'நூர்த்தி' என்னும் சிங்கள இசை நாடகம் இம்மண்டபத்தில்தான் செழித்தது. தமிழ் இசை நாடகத்திலும் அதே பார்சி மரபின் சாயல் உண்டு. அந்த இசை நாடக மரபில் வந்தவரே யாழ்ப்பாணத்தின் நடிகமணி வி.வி.வைரமுத்து. அவருடைய 'மயான காண்டம்' பார்த்து அழுத அம்மாமார் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். சிங்களமோ தமிழோ, தொடக்கத்தில் பெண் வேடங்களைக் கட்டியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பின்னர் அன்னி பொத்தேஜு, லக்ஷ்மி பாய் போன்ற பெண்கள் டவர் மண்டப மேடையில் ஏறிப் பாடினார்கள். 'நாடகக்காரி' என்ற சொல் எவ்வளவு எளிதாக வசையாகும் என்பதை அறிந்த எமக்கு, அந்தப் படியில் ஏற எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பது விளங்கும்.

மூன்று அழைப்புகள்

அண்மையில் மருதானையில் ஒரு சிறு மண்டபத்தில் பெண் கலைஞர்கள் சிலருடன் ஒரு பகற்பொழுது இருக்கக் கிடைத்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வசிப்போர் சிலர், மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தோர் சிலர். பாட்டு, வில்லிசை, வீதி நாடகம் என ஒவ்வொருவருக்கும் ஒரு கலை கைவசம் உண்டு. யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ சகோதரனையோ இழக்காதவர் அவர்களில் இல்லை.

நவம்பர் 25 இலிருந்து டிசம்பர் 10 வரையான பெண்களுக்கெதிரான வன்முறை ஒழிப்பு நாட்களும், மார்ச் 8 மகளிர் தினமும் இவர்களுக்கு வேலை கிடைக்கும் காலம். வரவிருக்கும் நிகழ்வுகளுக்கு மூன்று அழைப்புகள் வந்திருந்தன. அவற்றை ஏற்பதா விடுவதா என்பதே அன்றைய பேச்சு. இரண்டு அழைப்புகளில் சிக்கல் இல்லை. மூன்றாவதில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு பெண்ணும் தனக்கு நேர்ந்ததைப் பத்து நிமிடம் மேடையில் சொல்ல வேண்டும், காணாமற்போனவரின் படத்தைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

மட்டக்களப்புப் பெண் ஒருவர் சொன்னார்: "அக்கா, எனக்கு வில்லிசை தெரியும், நல்லாச் சிரிக்க வைக்கவும் தெரியும். ஆனா கூப்பிடுறவங்க எல்லாரும் என்னை அழச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க."

அந்தச் சொல் எனக்கு வெகுநேரம் உறைத்தது. சமூகப் பணியில் இருக்கும் எம்மைப் போன்றவர்கள் 'அனுபவப் பகிர்வு' என்ற பெயரில் கேட்பதும் சில வேளைகளில் இதைத்தான்.

யார் முடிவு செய்வது?

கண்ணீர் மேடைக்கு வரக்கூடாது என்பதல்ல என் கருத்து. ஒப்பாரி எமது பெண்களின் கலை. சாவீட்டில் வந்திருந்து, இறந்தவரின் வாழ்வையும் இருப்பவரின் குற்றங்களையும் அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டும் ஆற்றல் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடமும் இருந்தது. யுத்தம் உக்கிரமாக நடந்த காலத்தில் குழந்தை ம.சண்முகலிங்கம் எழுதிய 'அன்னை இட்ட தீ', 'எந்தையும் தாயும்' ஆகிய நாடகங்கள் மனவடுவையும் பிரிவையும் மேடைக்குக் கொண்டுவந்தன. பார்த்தவர்கள் தங்கள் வீட்டையே அங்கு கண்டார்கள். ஆனால் அங்கே துயரம் ஒரு பாத்திரத்தின் மேல் ஏற்றப்பட்டிருந்தது. நடித்தவர் வேடத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தன் கதையையே சொல்லும் பெண்ணுக்குக் கழற்ற வேடமில்லை.

2013 இல் ஜோர்தானின் அம்மான் நகரில் சிரிய அகதிப் பெண்கள் ஒரு நாடகம் போட்டார்கள். துரோய் நகரம் வீழ்ந்த பின் சிறைப்பட்ட பெண்களைப் பற்றி, யூரிப்பிடிஸ் என்னும் கிரேக்கர் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய நாடகம் அது. ஓமர் அபுசாதா நெறிப்படுத்த, அப்பெண்கள் பழைய கதைக்குள் தங்கள் கதைகளையும் சேர்த்தார்கள். ஒத்திகைக் காலத்தில் சிலர் விலகிக்கொண்டனர். வீட்டாரின் எதிர்ப்பும், சிரியாவில் இருக்கும் உறவினருக்கு ஆபத்து வந்துவிடும் என்ற பயமும் அவர்களுக்கு இருந்தன. விலகும் உரிமை அவர்களுக்கு இருந்ததென்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

எங்களிடமும் உதாரணம் உண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அமர்ந்த தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைத் தாங்களாகவே ஏந்தினார்கள். யாரிடம் பதில் கேட்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். அதே படத்தைப் பார்வையாளரின் மனம் உருகுவதற்காக மட்டும் ஏந்தச் சொன்னால், அது வேறு விடயம். படம் ஒன்றுதான். முடிவெடுத்தவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

1991 இல் கிழக்கிலிருந்து கொழும்புக்கு இடம்பெயர்ந்த பெண்களோடு வேலைசெய்யத் தொடங்கிய சூரியா பெண்கள் அமைப்பு, பின்னர் மட்டக்களப்புக்குச் சென்று பாட்டையும் நாடகத்தையும் தன் பணியின் பகுதியாக்கியது. கூத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்ற கேள்வி, மட்டக்களப்பில் சி.ஜெயசங்கரும் அவருடன் சேர்ந்தோரும் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கத்தில் எழுப்பப்பட்டது. இவற்றிலெல்லாம் பெண் கதை சொல்பவளாக மட்டும் நிற்கவில்லை. எந்தக் கதை, எப்படி என்று தீர்மானிப்பவளாகவும் நின்றாள்.

வீடு திரும்பும் வழி

அன்றைய பேச்சில் அதிக நேரம் எடுத்தது கலையைப் பற்றியதல்ல. நிகழ்ச்சி இரவு ஒன்பது மணிக்கு முடிந்தால் எப்படிப் போவது, பிள்ளையை யாரிடம் விடுவது, ஓட்டோவுக்கு யார் காசு கொடுப்பது என்பவைதான். இவற்றைச் சில்லறை விடயங்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

றம்பொடையில் 1923 இல் பிறந்த டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற தமிழ்ப் பெண், ருக்மணி தேவி என்ற பெயரில் சிங்கள மேடையிலும் திரையிலும் முதல் நட்சத்திரமானார். மினர்வா நாடகக் குழுவில் நடித்தார். 1947 இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொரொந்துவ'வின் கதாநாயகி அவரே. தயாரித்தவர் எஸ்.எம்.நாயகம் என்ற தமிழர். சிங்களமும் தமிழும் கலந்து வாழ்ந்த கலை உலகம் ஒன்று இந்நாட்டில் இருந்ததற்கு இவை சாட்சி. ருக்மணி தேவி தன் ஐம்பதுகளிலும் ஊர் ஊராக இசை நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பாடினார். 1978 ஒக்டோபர் 28 ஆம் திகதி, அப்படியொரு நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அண்மையில் துடெல்லவில் நடந்த வாகன விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 55.

நாடறிந்த கலைஞருக்கே இரவுப் பயணம் உயிராபத்தாக முடிந்தது. பெயரறியாத கலைஞர் ஒருவருக்கு, அதுவும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு, திரும்பும் வழியைப் பற்றிய யோசனை நிகழ்ச்சிக்கு முன்னரே வேண்டும்.

கேட்க வேண்டியவை

உங்கள் மாதர் சங்கத்துக்கோ உங்களுக்கோ நாளை ஒரு மேடை அழைப்பு வரலாம். 'ஓம்' என்று சொல்லுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. என்ன செய்யப்போகிறோம் என்பதைத் தீர்மானிப்பது யார்? எமக்கு விருப்பமான கதையையோ பாட்டையோ தெரிவுசெய்யலாமா?

2. சொந்தக் கதை சொல்வதாயின், எந்தப் பகுதியைச் சொல்லாமல் விடலாம்? கடைசி நேரத்தில் மனம் மாறினால் விலகலாமா?

3. படமோ வீடியோவோ எடுப்பார்களா? அது எங்கே போகும்? ஊரில் உள்ள பிள்ளைகளுக்கு அதனால் தொல்லை வருமா?

4. கொடுப்பனவு எவ்வளவு? ஒத்திகை நாட்களுக்கும் உண்டா? அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு ஒத்திகையும் வேலைநாள்தான்.

5. போக்குவரத்து, தங்குமிடம், பிள்ளையைப் பார்க்க ஒருவர் - இவற்றுக்கு யார் பொறுப்பு?

6. அறிவித்தலில் எம்மை எப்படிக் குறிப்பிடுவார்கள்? 'பாதிக்கப்பட்ட பெண்கள்' என்று மட்டுமா, கலைஞர் என்று பெயருடனா? பாதுகாப்புக்காகப் பெயர் வேண்டாமென்றால் அதை ஏற்பார்களா?

இவற்றைக் கேட்டால் அழைப்புக் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். ஒருவர் தனியாகக் கேட்டால் போகவும் கூடும். குழுவாக, கடிதத்தில் கேட்டால் பதில் வருவதற்கு இடமுண்டு. மருதானையில் கூடிய பெண்கள் அப்படியே செய்தார்கள். மூன்றாவது அழைப்புக்கு மறுப்புக் கடிதம் எழுதவில்லை. பத்து நிமிடக் கதைகளுக்குப் பதிலாக ஒரு மணிநேர வில்லிசை தருவதாக எழுதினார்கள். பொருள் நுண்கடன். வாராவாரம் கடன் அறவிட வருபவரைக் கண்டதும் வீட்டுக்குப் பின்னால் ஒளியும் பெண்களும், 'அம்மா வீட்டில இல்லையாம்' என்று அம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்புவிக்கும் பிள்ளையும் அதில் வருகிறார்கள். கதையைச் சொல்லிக்காட்டியபோது மண்டபம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் எமது வாழ்வின் துயரமும் இருந்தது. ஒருவரும் அதை அழுது காட்டும்படி எம்மைக் கேட்கவில்லை.

யுத்தம் எம்மிடமிருந்து எடுத்தவை ஏராளம். பாடவும் ஆடவும் பிறரைச் சிரிக்க வைக்கவும் தெரிந்த திறன் எஞ்சியிருக்குமானால், அதை எப்போது, எங்கே, என்ன விலைக்குக் கொடுப்பது என்று சொல்லும் உரிமை அத்திறனை உடையவளுக்கே உரியது.