கோபுரத்தை அண்ணாந்து தேடாதீர்கள்... காலடியில் பாருங்கள்!

செம்பாறைத் தரையில், தரையோடு தரையாக ஒரு பெரிய சிலுவை. பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அது ஒரு தேவாலயத்தின் கூரை!

எத்தியோப்பியாவின் லாலிபெலா ஊரில் இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்துக்கு யாரும் அஸ்திவாரம் போடவில்லை, தெரியுமா? கல்மேல் கல் அடுக்கவும் இல்லை. சுற்றிலும் ஆழமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் நின்ற ஒற்றைப் பாறையை மேலிருந்து செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். முதலில் கூரை, அப்புறம் ஜன்னல், கடைசியில்தான் வாசல்! பிறகு உள்ளே புகுந்து பாறையைக் குடைந்திருக்கிறார்கள். ஒரு ஜன்னல் விளிம்பு உடைந்திருந்தாலும் மாற்றுக் கல் வைக்க வழி கிடையாது. கூரையை உற்றுப் பாருங்கள்: சிலுவைக்குள் சிலுவை, அதற்குள்ளும் ஒரு சிலுவை. மழைத் தண்ணீர் வழிந்தோட ஓரத்தில் கல் தூம்புகூட உண்டு.

இப்படி மொத்தம் 11 தேவாலயங்கள்! 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட லாலிபெலா மன்னரின் பெயரைத்தான் ஊரும் சுமக்கிறது. பல ஆலயங்களைச் சுரங்கப் பாதைகள் இணைக்கின்றன. இவை காட்சிப்பொருளாகிவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இன்றும் பூசை நடக்கிறது. எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அன்று வெள்ளைத் துணி போர்த்திய பக்தர்களால் பள்ளங்களின் விளிம்பெல்லாம் நிறைந்துவிடும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

யுனெஸ்கோ 1978-இல் அறிவித்த முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மொத்தமே 12 இடங்கள். அதில் இரண்டு எத்தியோப்பியாவுக்கு! லாலிபெலா ஒன்று. சிமியன் மலைத்தொடர் இன்னொன்று. அங்கே கெலடா என்ற குரங்குகள் மாடு மாதிரி நாளெல்லாம் புல் மேயும். பொழுது சாய்ந்ததும் செங்குத்தான பாறை விளிம்பில் இறங்கி உறங்கும். அழிவு அபாயப் பட்டியலில் 1996-இல் சேர்க்கப்பட்ட இந்த மலை, 2017-இல் அதிலிருந்து மீண்டது!

இன்னும் கீழே இறங்கலாமா? வடகிழக்கில் டனாகில் பள்ளம். கடல் மட்டத்துக்கும் 100 மீட்டருக்கு மேல் தாழ்வு! இங்குள்ள டலோலில் 1960-களில் பதிவான ஆண்டுச் சராசரி வெப்பம் 34 டிகிரி செல்சியஸுக்கும் அதிகம். பகல் உச்சி வெப்பம் அல்ல, இரவு பகல் எல்லாம் சேர்த்த சராசரி! ஒரு காலத்தில் செங்கடல் உள்ளே புகுந்து, வற்றி, உப்பை விட்டுப் போனது. அடியிலிருக்கும் எரிமலைச் சூடு தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்பு, கந்தகம், இரும்பு எல்லாவற்றையும் மேலே தள்ளுகிறது. அதனால்தான் தரை மஞ்சளும் பச்சையும் ஆரஞ்சுமாக மின்னுகிறது. தொட்டுவிடாதீர்கள், கடும் அமிலம்! இந்த வெயிலில்தான் அஃபார் மக்கள் உப்புப் பாளத்தைக் கம்பால் நெம்பி, சதுரமாகச் செதுக்கி, ஒட்டகத்தில் ஏற்றுகிறார்கள். இதே உப்புக் கட்டி 20-ஆம் நூற்றாண்டு வரை இந்நாட்டில் பணமாகவும் புழங்கியது!

அஃபார் மக்கள் வாழும் இதே பகுதியின் மண்ணிலிருந்துதான் 1974-இல் லூசி என்ற ஆதிமனித இனப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது ஏறக்குறைய 32 லட்சம் ஆண்டுகள், உயரம் மூன்றரை அடி, நிமிர்ந்து இரண்டு காலில் நடந்தவள்!

அக்சும் நகரில் மட்டும் நிமிர்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். 24 மீட்டர் ஒற்றைக்கல் தூண். மாடி மாடியாக ஜன்னல்கள், அடியில் பொய்க் கதவுகள், எல்லாம் கல்லில் செதுக்கியவை! இத்தாலியர்கள் 1937-இல் இதை ரோமுக்குக் கொண்டுபோனார்கள். 2005-இல் மூன்று துண்டுகளாக விமானத்தில் திரும்பி, 2008-இல் பழையபடி எழுந்து நின்றது. இதைவிடப் பெரிய 33 மீட்டர் தூண் ஒன்று பக்கத்திலேயே உடைந்து விழுந்து கிடக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: இந்த இடங்களெல்லாம் வடக்கே இருக்கின்றன. சில ஆண்டுகளாக அங்கே சண்டையும் பதற்றமும் உண்டு. நிலவரம் விசாரிக்காமல் டிக்கெட் போடாதீர்கள். டனாகிலுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம், உள்ளூர் வழிகாட்டி கட்டாயம் வேண்டும். இன்னொன்று தெரியுமா? அங்கே வருஷத்துக்கு 13 மாதம்! பொழுது விடிவதிலிருந்துதான் மணிக்கணக்கும் தொடங்குகிறது. பகல் இரண்டு மணிக்கு பஸ் என்று ஊர்க்காரர் சொன்னால், நம் கணக்குக்குக் காலை எட்டு மணிக்கே நிலையத்தில் இருங்கள்!